ராக்கம்மா உடைத்த வெள்ளைக்கல்

தேயிலை விலை விழுந்து தோட்டங்களில் ஆட்களைக் குறைத்தபோது, ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவர்களில் சங்கிலியும் ஒருவன். அவனோடு வெளியேறிய பலர் மூட்டை கட்டிக்கொண்டு இராமநாதபுரத்துக்கே திரும்பிப் போனார்கள். சங்கிலி போகவில்லை. ஊரில் அவனுக்கு நிலமும் இல்லை, பங்காளிகள் முகத்தில் விழிக்க மனமும் இல்லை. மனைவி ராக்கம்மாவையும் மகள் பேச்சியையும் கூட்டிக்கொண்டு மலையிறங்கி, தலாத்துஓயாச் சந்திக்குக் கீழே ஒரு சிங்களக் குடியானவரின் வளவில் குடிசை போட்டான். கண்டிச் சாலையை அப்போது அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவன் பாறையைப் பிளந்து உருட்டித் தருவான். ராக்கம்மா சாலையோரத்தில் தென்னோலைத் தட்டியொன்றைச் சாய்த்து வைத்து, அதன் நிழலில் உட்கார்ந்து சுத்தியலால் சல்லியாக உடைப்பாள்.

பிறகு அந்தப் பெரிய மலேரியாக் காய்ச்சல் வந்தது. கண்டிச் சீமையில் வீட்டுக்கு வீடு ஆட்கள் குளிரில் நடுங்கிக் கிடந்த காலம் அது. மழை பெய்யாமல், பக்கத்துச் சிற்றாறான ஓயாவில் நீர் தேங்கி நின்றது. சங்கிலி ஒரு நாள் வேலைக்குப் போய்ப் பாதியில் திரும்பி வந்து படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை.

ராக்கம்மாவின் அண்ணன் சோலைமுத்து இன்னும் தோட்டத்திலேயே இருந்தான். அவன் மகன் முனியாண்டிக்குத்தான் பேச்சி என்று இருவரும் கைக்குழந்தைகளாக இருந்தபோதே பேசி வைத்திருந்தார்கள். சங்கிலியின் காரியம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு சோலைமுத்து தங்கையைத் தனியே கூப்பிட்டுச் சொன்னான்.

"பேச்சு பேச்சுதான் ராக்கு, நான் மாறல. ஆனா தோட்டத்துல ஒங்க பேரு மறுபடி பதிஞ்சாகணும். ரோட்டுல கெடந்த புள்ளயக் கொண்டாந்தன்னு எம் பொண்டாட்டி நாளைக்குச் சொல்லிக் காட்டுவா."

"தொர சேத்துக்கிடணும்ல?"

"யாரையாச்சும் புடிச்சுச் சொல்லிப் பாரு."

யாரைப் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கல் உடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் டாக்டர் பொன்னுத்துரையின் மோட்டார் கார் அவள் குவியலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, கண்டி வாவிக்கு மேலே ஒரு வீட்டில் மனைவி அன்னலட்சுமியோடு இருந்தார். பிள்ளைகள் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு அவருக்குப் பிடித்துக்கொண்டது கல். தலாத்துஓயாவுக்கு மேலேயுள்ள புல்வெளிக் குன்றுகளில் ஏறி, மழை அரித்த இடங்களில் வெள்ளைக் கற்சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவற்றில் சில, நகத்தளவே இருந்தாலும், பிறை வடிவில் ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தன. ஒரு பக்கம் சவரக்கத்திபோல் கூர். வளைந்த முதுகு வேண்டுமென்றே மழுக்கப்பட்டது. இரும்பு தெரியாத காலத்து மனிதர் செய்தவை என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. எப்படிச் செய்தார்கள் என்பதுதான் தெரியவில்லை. தானே செய்து பார்க்கப் போய்ப் பெருவிரலை ஆழமாகக் கிழித்துக்கொண்டு, கட்டுப் போட்ட கையோடுதான் அன்றைக்கு வந்திருந்தார்.

"இந்தக் கல்லை இதே மாதிரி உடைக்க ஏலுமோ?" என்று ஒரு பிறைச் சில்லை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

ராக்கம்மா அதைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். "இது வெங்கச்சங்கல்லுங்க ஐயா. இதை நாங்க எடுக்கிறதில்ல. அடிச்சா நொறுங்கிப் போகும், மூஞ்சியில தெறிக்கும்."

"நொறுங்காமல் உடைச்சிருக்கினமே. பார்."

"யாருங்க?"

"கன காலத்துக்கு முந்தின ஆக்கள்."

கூலிக்கு அவள் ஒத்துக்கொண்டாள். சல்லி வேலை இல்லாத நாட்களில் டாக்டர் வீட்டுப் பின்முற்றத்தில் உடைப்பது என்று ஏற்பாடு.

முதலில் எதுவும் சரிவரவில்லை. அவள் இரும்புச் சுத்தியலால் தட்ட, கல் உப்புப்போல உதிர்ந்தது. அந்தக் காலத்தில் ஏது இரும்பு என்று டாக்டர் ஓயாவிலிருந்து உருண்டைக் கற்களைக் கொண்டுவந்து கொடுத்தார். கையில் பிடித்துக்கொண்டு அடித்தால் சரிவராது, கீழே ஒரு தட்டைக் கல்லில் நிறுத்தி வைத்து உச்சியில் அடிக்க வேண்டும் என்று எங்கோ படித்து வந்து சொன்னவரும் அவர்தான். அப்படி அடித்தபோது வெள்ளைக்கல் முதல் தடவையாக மேலிருந்து கீழாக, வெங்காயச் செதிள்போலப் பிளந்து விழுந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். டாக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, மனைவியைக் கூப்பிட்டு அந்தச் செதிளால் ஒரு காகிதத்தை அறுத்துக் காட்டினார்.

அதன்பிறகு கல்லைத் தேர்வதே வேலையாயிற்று. பாறை நரம்பிலிருந்து பெயர்த்த பால்வெள்ளைக் கல் அநேகமாக வீண். உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் ஓடும். ஆற்றில் உருண்ட கல் பரவாயில்லை, ஏற்கெனவே பலவீனமானதெல்லாம் உடைந்து போய்த் தாங்கினது மட்டும் மிஞ்சியிருக்கும். எல்லாவற்றிலும் நல்லது கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பளிங்கு. ராக்கம்மா ஒவ்வொன்றையும் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். இன்னொரு கல்லால் இலேசாகத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பாள். மந்தமான சத்தம் வந்தால் தள்ளிவிடுவாள். செதிளின் ஒரு ஓரத்தைத் தட்டைக் கல்லில் அழுத்திச் சிறுசிறு துணுக்குகளாக உதிர்த்து முதுகை மழுக்குவது கடைசியாக வந்தது. கை வெட்டாமலிருக்கவும், மரத்தில் பிசின் வைத்துப் பொருத்தவும் அது வேண்டும் என்றார் டாக்டர். அவர் பலாப்பிசினைக் காய்ச்சி, ஒரு கம்பின் பிளவில் செதிள்களை வரிசையாக ஒட்டி அரிவாள்போல ஒன்றைச் செய்து, வீட்டுத் தோட்டத்துப் புல்லை அறுத்தார்.

புருஷன் போன பிறகு ராக்கம்மா ஒரு வேலையை விரும்பிச் செய்தது அதுதான். சல்லி உடைப்பவளுக்குக் கல் என்பது அளந்து கொடுக்க வேண்டிய குவியல். இங்கே ஒவ்வொரு கல்லையும் யோசித்துத் தொட வேண்டியிருந்தது. குடிசைக்குத் திரும்பினால் பேச்சியிடம் அதைப் பற்றியே பேசுவாள். பேச்சி, "கல்லைப் பத்தி என்னாத்தா இம்புட்டுப் பேச்சு" என்று அலுத்துக்கொள்வாள்.

ஒரு தடவை டாக்டர் அவளைக் குன்றின் மேலேயே கூட்டிப்போனார். உச்சியில், காற்று வீசும் இடத்தில், புல் இல்லாத ஒரு திட்டு முழுவதும் வெள்ளைச் சில்லுகள் கொட்டிக் கிடந்தன. ராக்கம்மா குந்தி உட்கார்ந்து கையால் துழாவினாள். பால்வெள்ளைக் கற்கள் ஓரிரண்டு அடி வாங்கிய அடையாளத்தோடு முழுசாகக் கிடந்தன. பளிங்குக் கற்களோ, இனி விரலால் பிடிக்க முடியாது என்கிற அளவுக்குத் தேய உடைக்கப்பட்டிருந்தன. கெட்டதைப் போட்டுவிட்டு நல்லதைக் கடைசித் துண்டுவரை விடாமல் பிடித்த கை யாருடையதோ. அவளுக்கு அது தெரிந்த கைபோல இருந்தது. சில்லுகளுக்கு நடுவே செங்கபில நிறத்தில், மெழுகுபோல வழவழத்த ஒரு பிறை அகப்பட்டது.

"இந்தக் கல் இந்த மலைப்பக்கம் இல்லை" என்றார் டாக்டர். "கீழ் நாட்டிலையிருந்து ஆரோ கொண்டு வந்திருக்கினம்."

"அப்ப அவுகளும் இங்கின பொறந்தவுக இல்லீங்களா?"

"ஆருக்குத் தெரியும். நடந்து வந்திருக்கலாம், கைமாறி வந்திருக்கலாம்."

அவள் அதைத் துடைத்து அவரிடம் கொடுத்தாள். அன்று மலையிறங்கும்போதுதான் துணிந்து தன் மகளின் கலியாண விஷயத்தைச் சொன்னாள். தோட்டத்துத் துரையிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டாள். டாக்டர் உடனே தலையாட்டினார். அந்தத் துரையை அவருக்குத் தெரியும்.

கண்டியில் படித்தவர்கள் கூடும் ஒரு சங்கத்தில் டாக்டர் இந்தக் கற்களைப் பற்றிப் பேசுவதாக ஏற்பாடாயிற்று. துரைமாரும் அவர்களுடைய மனைவிமாரும் வருவார்கள். வெறுமே பேசுவதைவிட, மேடையில் ஒரு கல்லை உடைத்தே காட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அதோடு நின்றிருக்கலாம். சங்கத்து நண்பர் ஒருவர், சேலை கட்டிய கூலிப் பெண் உட்கார்ந்தால் சல்லி உடைக்கிற மாதிரித்தான் இருக்கும் என்றார். அது டாக்டருக்கு நியாயமாகப் பட்டது.

"நான் அவளிட்டைச் சொல்ல மாட்டன்" என்றாள் அன்னலட்சுமி. "உங்களுக்கு வேணுமெண்டால் நீங்களே சொல்லுங்கோ."

அவரே சொன்னார். மரவுரி போல இருக்க ஒரு சாக்குத்துணி. தோளும் முதுகும் திறந்திருக்கும். தலைமுடியை விரித்துவிட வேண்டும். ராக்கம்மா முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

"எங்காத்தா ரவிக்கை போடாதவதான் ஐயா. ஆனா சேலையைச் சுத்தி மூடியிருப்பா. சாக்கைக் கட்டிக்கிட்டு ஆம்பளைக முன்னால எப்படிங்க?"

"இதிலை வெக்கப்பட என்ன இருக்கு? இது விஞ்ஞானம். ஆரும் உன்னை ராக்கம்மா எண்டு பாக்கப் போறதில்லை. அந்தக் காலத்து ஆளாத்தான் பாப்பினம்." பிறகு தணிந்த குரலில், "தோட்டத்துத் துரையும் வருவார். உன்ரை வேலையைப் பாத்தாரெண்டால் கேக்கிறது லேசு" என்றார்.

அவள் சம்மதித்ததற்கு அந்தக் கடைசி வாக்கியம்தான் காரணம். பேச்சியிடம் சொல்லவில்லை.

அந்த மாலை மண்டபம் நிறைந்திருந்தது. அன்னலட்சுமி பின்னறையில் அவளுக்குச் சாக்கைக் கட்டிவிட்டாள். முகத்தைப் பார்க்காமலே கட்டினாள். மார்புக்கு மேலே இன்னொரு ஊசி குத்தி இறுக்கிவிட்டு, "குனியாதை" என்று மட்டும் சொன்னாள். குனியாமல் கல் உடைக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

டாக்டர் இங்கிலீஷில் பேசினார். ராக்கம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நடுநடுவே எல்லாரும் சிரித்தார்கள். தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களா, அவர் சொன்னதற்குச் சிரிக்கிறார்களா என்று தெரியாமல் தட்டைக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். சைகை வந்ததும் கூடையிலிருந்த கற்களை எடுத்து, தட்டிக் கேட்டு, இரண்டைத் தள்ளி, ஒரு பளிங்கை நிறுத்தினாள். அடி சரியாக விழுந்தது; செதிளின் முதுகையும் மழுக்கி முடித்தாள். அன்று வந்த பிறைபோல் அழகான ஒன்று அவளுக்கு அதற்கு முன் வந்ததில்லை. டாக்டர் அதை வாங்கி ஒரு தோல்வாரை அறுத்துக் காட்டினார். கைதட்டினார்கள். கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் ஒன்று பளிச்சிட்டு, மருந்து கருகிய வாசம் வந்தது. படம் பிடிக்கிறார்கள் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கூட்டம் எழுந்ததும் சிலர் மேடைக்கே வந்தார்கள். கையுறை போட்ட ஒரு துரைசாணி அவள் புஜத்தை விரலால் அழுத்திப் பார்த்துப் பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ சொன்னாள். தோட்டத்துத் துரையும் வந்து டாக்டரோடு சிரித்துப் பேசினார். ராக்கம்மா தலைமுடியை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

"துரைக்கு நல்லாப் பிடிச்சுக்கொண்டுது" என்று டாக்டர் உற்சாகமாக வந்தார். "அவையின்ரை கிளப்பிலை விருந்து நடக்கேக்கை நீ இதை ஒருக்கால் செய்து காட்ட வேணுமாம்."

"பேரு பதியிறது ஐயா?"

"அதையும் கேட்டனான். இப்ப ஆள் எடுக்கேலாதாம். பிறகு பாப்பம் எண்டவர்."

அவள் பின்னறைக்குப் போய்ச் சேலையைக் கட்டிக்கொண்டாள்.

படம் பத்திரிகையில் வந்தது. அதை முதலில் பார்த்தவர் தலாத்துஓயாச் சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த நஸீம். அண்ணன் என்கிற பொருளில் ஊரே அவரை நானா என்றுதான் கூப்பிடும். அவர் கடைக்கு வரும் பத்திரிகையை எல்லாரும் வாங்கிப் பார்ப்பார்கள். அன்றைக்கு அதை மடித்துக் கல்லாப்பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, ராக்கம்மா வந்தபோது ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஒங்கட படம் வந்தீக்கி. நான் யாருக்கும் காட்டல்ல. ஆனா பேப்பர் இது ஒண்டு மட்டும் இல்லயே."

"என்ன போட்டுருக்கு நானா?"

நஸீம் தயங்கினார். "கண்டிக்குப் பக்கத்துல இன்னமும் கல்லால ஆயுதம் செய்ற காட்டுச் சாதிப் பொம்புள எண்டு போட்டீக்கி."

"எம் பேரு?"

"பேர் இல்ல."

பேர் இல்லாததே நல்லது என்று அவள் நினைத்தாள். ஆனால் முகம் இருந்தது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அந்தப் பக்கத்தைக் கத்தரித்துத் தேயிலை நிறுக்கும் இடத்தில் ஒட்டிவைத்தார். தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு லயம் பேச்சாயிற்று. சில நாட்களில் சோலைமுத்து மலையிறங்கி வந்தான். குடிசைக்குள் வராமல் சாலையிலேயே நின்றான்.

"பேரு பதியணும்னுதான போனேன்" என்றாள் ராக்கம்மா. "நீதானண்ண யாரையாச்சும் புடின்னு சொன்ன?"

"சாக்கைக் கட்டிக்கிட்டுப் போய் ஒக்காருன்னு சொன்னனா? காட்டு மனுசின்னு போட்டுருக்கான். அந்த வீட்டுல பொண்ணு எடுத்தா நாங்க யாரு?" அவன் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எம் மகன் தல நிமிந்து கொழுந்து நிறுக்கப் போக முடியல. விட்டுரு ராக்கு."

பேச்சி உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டாள். மாமன் போன பிறகு அவள் அழவில்லை. "என்னைக் கேட்டியா ஆத்தா?" என்று ஒரு தடவை மட்டும் கேட்டாள்.

ராக்கம்மா டாக்டரிடம் போனாள். பத்திரிகையில் எழுதியதை அவரும் பார்த்திருந்தார். அவருக்கும் அது கோபமாகத்தான் இருந்தது. நிருபர் மூடன் என்றார். மாற்றிப் போடச் சொல்லலாமே என்று அவள் கேட்டதற்கு, இனி எழுதினால் மறந்ததைக் கிளறின மாதிரி ஆகும் என்றார். அதே பக்கத்தில் அவருடைய ஆராய்ச்சியைப் புகழ்ந்து நீளமாக எழுதியிருந்தது. அதை அவர் சொல்லவில்லை. அன்னலட்சுமிதான் வாசலில் வைத்து மெல்லச் சொன்னாள்.

வருஷம் திரும்புவதற்குள் பேச்சி போய்விட்டாள். பல்லேகலவில் ஒரு கொக்கோத் தோட்டத்தில் வேலை பார்த்த மனைவியை இழந்தவன் ஒருவனுக்கு அவளை யாரோ பேசி முடித்தார்கள். அவனுக்கு இரண்டு பிள்ளைகள் ஏற்கெனவே இருந்தார்கள். ராக்கம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. பேச்சியே தன் துணியை மடித்துக்கொண்டு ஒரு காலையில் புறப்பட்டாள்.

அதற்குப் பிறகு ராக்கம்மா டாக்டர் வீட்டுக்குப் போகவில்லை. சாலையில் சல்லி உடைத்தாள். ஒரு நாள் கார் மறுபடியும் வந்து நின்றது. டாக்டர் ஒரு பெரிய பிஸ்கட் தகரத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். முகம் வாடியிருந்தது.

நடந்தது இதுதான். அவர் வீட்டு அலுமாரியில் கறையான் ஏறிவிட்டது. வேலைக்காரர்கள் அவசரத்தில் தட்டுகளையெல்லாம் ஒரே சாக்கில் கவிழ்த்துவிட்டார்கள். குன்றில் எடுத்தவையும் ராக்கம்மா உடைத்தவையும் கலந்துபோயின. மண் போகக் கழுவி வைத்த கற்கள். வெள்ளைக்கல்லுக்கு வயதும் தெரிவதில்லை. பழைய கருவிகளை இங்கிலாந்துக்கு அனுப்புவதாக அவர் ஏற்றுக்கொண்டிருந்தார். அவை போனால்தான் அங்கே அவர் கட்டுரையை அச்சிடுவார்கள்.

"உன்ரை எது எண்டு உனக்குத் தெரியுந்தானே?" என்று தகரத்தை அவள் முன்னால் வைத்தார். "பிரிச்சுத் தந்தால் போதும்."

ராக்கம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். அவளுக்குத் தெரிந்தது. தன் அடி எங்கே விழும், தன் கை முதுகை எந்தப் பக்கமிருந்து மழுக்கும் என்று அவளுக்குத் தெரியும். மற்றவை வேறொரு கை. இன்னும் பொறுமையான கை. அவற்றில் சிலவற்றைக் குன்றின் மேல் அவளே பொறுக்கிக் கொடுத்திருந்தாள்.

"எல்லாம் நான் ஒடைச்சதுங்க" என்றாள்.

"வடிவாப் பார். மலையிலை எடுத்ததும் இதுக்குள்ளை கிடக்கு."

"இல்லீங்க ஐயா. அது எங்கிட்டுப் போச்சோ. இதுல கெடக்கிறது பூராவும் எங் கையில ஒடைஞ்சது."

டாக்டர் அவள் முகத்தையே பார்த்தார். இதுவரை அவள் அவரிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை. அவர் தகரத்துக்குள் தேடி, அந்தச் செங்கபிலப் பிறையை எடுத்தார். "இது உன்ரை இல்லை" என்றார். அந்த ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, மற்றவற்றை என்ன செய்வதென்று தெரியாதவர்போலச் சற்று நின்றுவிட்டு, தகரத்தைச் சாலையோரக் குவியலில் கவிழ்த்தார்.

"இனி எனக்கெதுக்கு" என்றார். கார் கண்டிப் பக்கம் திரும்பிப் போனது.

அவர் சத்தம் போட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த ஒன்று மட்டும் எப்படியோ தப்பிக் கிடந்ததாக எண்ணி, மற்றதையெல்லாம் அவர் நம்பிவிட்டுப் போனார். வெள்ளைச் சில்லுகள் கருங்கல் சல்லிக்குள் சரிந்து இறங்கிக்கொண்டிருந்தன. ராக்கம்மா குனிந்து, அந்த இன்னொரு கையின் கற்களை மட்டும் பொறுக்கத் தொடங்கினாள். மடியில் நாலைந்து சேர்வதற்குள் சல்லி ஏற்ற வண்டி வந்துவிட்டது. வண்டிக்காரன் மண்வெட்டியைக் குவியலில் செருகினான். இவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது, யாரிடம் போய் எதைச் சொல்வது என்று யோசித்தவள், மடியை உதறிவிட்டு விலகி நின்றாள். மறுநாள் அந்தச் சல்லியைப் பரப்பிய சாலையில் உருளை ஓடியது.

டாக்டர் அதன்பிறகு மலை ஏறவில்லை என்று நஸீம் சொன்னார். சங்கத்துக்கும் போவதில்லையாம். ராக்கம்மா கேட்டுக்கொண்டாள். அவருக்கு வேண்டியதுதான் என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள், செத்துப்போன யாரோ பொறுமையாகச் செய்து வைத்ததை அழித்தது தானே என்று தோன்றும். இரண்டையும் சொல்ல ஆள் இல்லை.

பேச்சிக்குக் குழந்தை பிறந்திருப்பதாகச் சேதி வந்தபோது அவள் பல்லேகலவுக்கு நடந்து போனாள். ஒரு பொட்டலத்தில் கருப்பட்டியும் பெருங்காயமும் கொண்டுபோனாள். பேச்சி லயத்து வாசலுக்கு வந்தாள். இளைத்திருந்தாள். தாயைக் கண்டதும் அவள் கண் ஒரு கணம் கலங்கி உடனே பின்னால் திரும்பிப் பார்த்தது.

"உள்ள வராத ஆத்தா. அவுக வீட்டு ஆளுக வந்திருக்காங்க. நீ யாருன்னு கேப்பாங்க."

"புள்ளையக் காட்டுறியா?"

"தூங்குது."

பேச்சி ஒரு கோப்பைத் தேத்தண்ணியைக் கொண்டுவந்து படியில் வைத்தாள். ராக்கம்மா நின்றபடியே குடித்தாள். வாசலில் குழாய்போல் கொட்டும் பீலித் தண்ணீரில் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பொட்டலத்தை அதன் பக்கத்தில் வைத்தாள். உள்ளே குழந்தை அழுதது. பேச்சி ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

குண்டசாலை வழியாக ராக்கம்மா திரும்பி நடந்தாள். வெயில் ஏறியிருந்தது. மறுநாள் உடைத்துக் கொடுக்க வேண்டிய கல் சாலையில் ஏற்கெனவே இறக்கியாகியிருந்தது.